துடுப்பின் பின்னோரத்தைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. ஃப்ளோரிடாவில், சாரசோட்டா விரிகுடாக் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். காற்று அடிக்கிறது, இரைச்சல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதோ, வலது பக்கம்... பார்த்தீர்களா? இரண்டு டால்பின்!

போய்விட்டது. இவ்வளவுதான் கிடைக்கும். ஒரு மூச்சு, ஒரு முதுகு, ஒரு துடுப்பு. முகத்தைக் காட்டாது. ஆனால் எது யார் என்று அந்தத் துடுப்பை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். இங்கே ஆய்வு தொடங்கியது 1970-இல். பள்ளி மாணவராக அதில் சேர்ந்த ராண்டால் வெல்ஸ், பிற்பாடு பல பத்தாண்டுகள் அதை நடத்தினார். காட்டு டால்பின்களைப் பற்றி உலகத்திலேயே அதிக காலமாக நடக்கும் ஆய்வு இதுதான்.

சரி, துடுப்பில் எதைப் பார்ப்பது? பின்னோரத்தை. முதுகுத் துடுப்பில் எலும்பு கிடையாது, பின்பக்கம் போகப் போக மெல்லிசாகிவிடும். சுறா கடித்தால், தூண்டில் நரம்பு அறுத்தால், இன்னொரு டால்பினே கடித்தால் அங்கேதான் பிய்ந்துபோகும். பழைய பாடப்புத்தகத்தின் ஓரம் மாதிரி. மற்ற டால்பின்களின் பல் பட்டுத் தோலில் விழும் கீறல்கள் நாளடைவில் மங்கிவிடும், அதை நம்ப முடியாது. பிய்ந்த ஓரம் மட்டும் திரும்ப வளர்ந்து மூடாது. அதனால் பக்கவாட்டில், நேர்கோணத்தில் படம் எடுக்க வேண்டும். சாய்வாக எடுத்தால் பள்ளத்தின் வடிவமே மாறித் தெரியும்.

எனக்கு மனதில் நிற்பவள் நிக்லோ என்ற டால்பின். துடுப்பில் இருந்த வெட்டுகளை வைத்துத்தான் அந்தப் பெயரே; ஆங்கிலத்தில் 'நிக்' என்றால் சிறு வெட்டு. பல்லில் உள்ள வளையங்களை எண்ணி அவள் 1950-இல் பிறந்தவள் என்று கண்டுபிடித்தார்கள். 48 வயதில் ஒரு குட்டி ஈன்று வளர்த்தாள். 2016-இல் 66 வயதிலும் கேமராவில் பதிவானாள். யோசித்துப் பாருங்கள், யாரும் கூண்டில் வைத்துப் பார்த்த விலங்கு இல்லை இது. கடலில் தன் பாட்டுக்குத் திரிந்த ஒருத்தி! அந்த வெட்டுகளை மறுபடி மறுபடி படம் எடுக்காமல் இருந்திருந்தால், அவளை வெறும் 'ஒரு டால்பின்' என்றுதான் சொல்லியிருப்போம்.

குட்டிகளை அடையாளம் காண்பதுதான் கஷ்டம். துடுப்பு வழவழவென்று இருக்கும், ஒரு கீறல்கூட இருக்காது. பக்கத்தில் நீந்தும் அம்மாவின் துடுப்பைப் பார்த்துத்தான் இது இன்னாருடைய பிள்ளை என்று எழுதிக்கொள்வார்கள். மூன்று வருடம், சில சமயம் அதற்கு மேலும் அம்மாவோடே இருக்கும். பிரிந்து போகும் முன் ஏதாவது தழும்பு விழுந்திருந்தால் கணக்கு அறுபடாது. பாவம், அதுவும் ஒரு காயம்தான்.

நீங்கள் படகில் போனால் 50 கெஜமாவது தள்ளியே நில்லுங்கள். ஜூம் போதும்.

இருங்கள், காலையில் எடுத்ததைக் காட்டுகிறேன். பெரியதின் பின்னோரத்தில், கீழே, இரண்டு பள்ளம் தெரிகிறதா? ஒட்டியே சின்னது. அதன் துடுப்பில் இன்னும் ஒன்றுமே இல்லை.