ஒரே கேள்வி, நாலு ஆபீஸ்: உங்கள் ஆர்டிஐ மனு எங்கே தொலைகிறது?

வணக்கம். முதலில் ஒரு கடிதத்தைக் காட்டுகிறேன்.

(திரையில்: பெயரும் முகவரியும் மறைக்கப்பட்ட ஒரு பக்கக் கடிதம்)

பழுப்புக் கவரில் வந்தது. பிரித்தால் மொத்தமே மூன்று வரி. நான் கேட்ட தகவல் அந்த அலுவலகம் சம்பந்தப்பட்டது இல்லையாம், உரிய அலுவலகத்தை அணுகிப் பெற்றுக்கொள்ளலாமாம். கீழே கையெழுத்து, பக்கத்தில் ஊதா நிற முத்திரை. மேலே தேதியைப் பாருங்கள். ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நான் மனுப் போட்ட 29-ஆவது நாள். 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம், சொல்லிவிட்டார்கள். அந்த "உரிய அலுவலகம்" எது என்பது மட்டும் கடிதத்தில் இல்லை.

நான் கேட்டது ஒரு ஏரியின் எல்லை வரைபடம். அது எந்த ஆபீஸில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாததால்தான் தவறான கதவைத் தட்டினேன். கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் சட்டத்தை எடுத்து வரிவரியாகப் படித்தபோதுதான், இப்படி ஒரு கடிதம் எழுதவே அவர்களுக்கு உரிமை கிடையாது என்று தெரிந்தது. அந்த ஒரு பிரிவைப் பற்றித்தான் இந்த வீடியோ. கடைசிவரை பாருங்கள், ஏனென்றால் நடுவில் ஒருமை, பன்மை என்று ஒரு இலக்கணச் சண்டை வருகிறது. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உலகத்தின் முதல் தகவல் உரிமைச் சட்டம் 1766-ல் ஸ்வீடனில் வந்தது. இந்தியாவில் இதற்கென்று சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு, 1997-ல். நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

பிரிவு 6(3). மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கும் தகவல் வேறொரு பொது அதிகார அமைப்பிடம், அதாவது வேறொரு அரசுத் துறை, வாரியம், ஊராட்சி போன்ற ஒன்றிடம் இருக்கிறது, அல்லது விஷயம் அவர்கள் வேலையோடுதான் அதிகம் தொடர்புடையது என்றால், மனுவை வாங்கிய அலுவலகம் அதை, அல்லது அதில் உரிய பகுதியை, அங்கே அனுப்பி வைக்க வேண்டும். அனுப்பியதை உங்களுக்கு உடனே சொல்லவும் வேண்டும். அதிகபட்சம் 5 நாள். எங்கே கேட்பது என்று கண்டுபிடிக்கிற வேலையை உங்கள் தலையில் கட்டக் கூடாது என்பதுதான் இதன் உயிர்நாடி. அரசாங்கத்துக்குள் எந்த ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அரசாங்கத்துக்குத்தானே தெரியும்?

ஆகவே எனக்கு வந்த கடிதத்தில் இரண்டு தவறு. மனுவை அனுப்பவில்லை, அதுவும் 5 நாளில் செய்ய வேண்டியதை 29 நாள் வைத்திருந்து செய்யவில்லை.

இங்கே ஒரு கணக்கு. மனு கைமாறினால் 30 நாள் எப்போது தொடங்கும்? மனு போய்ச் சேர்ந்த புது அலுவலகத்தின் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து. அதனால் முதல் அலுவலகம் எத்தனை நாள் தூங்குகிறதோ அத்தனை நாளும் உங்களுக்கு நஷ்டம். "எங்களுக்கு 5 நாளுக்குள் வந்து சேரவில்லை" என்று புது அலுவலகம் மனுவைத் திருப்பி அனுப்பவும் கூடாது. இந்தச் சட்டத்தைக் கவனிக்கிற மத்தியப் பணியாளர் நலத் துறையே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சரி, இப்போது இலக்கணச் சண்டை.

என் ஏரியையே எடுத்துக்கொள்வோம். வரைபடம் கிடைத்த பிறகு அடுத்த கேள்வி வருகிறது. ஏரிக்குள் வீடுகள் எப்படி வந்தன? இதற்கான பதில் ஒரே இடத்தில் இல்லை. கரையும் மதகும் நீர்வளத் துறை. பட்டாவும் அடங்கலும் (கிராம நிலக் கணக்கு) வட்டாட்சியர் அலுவலகம். வீட்டு வரி ரசீது ஊராட்சி. மின் இணைப்பு மின்வாரியம். நாலு ஆபீஸிலும் நாலு துண்டு. துண்டுகளைச் சேர்த்தால்தான் கதை புரியும். ஒரு துண்டு மட்டும் கிடைத்தால், ஒவ்வொரு ஆபீஸும் தன் வேலையைச் சரியாகச் செய்தது போலத்தான் தெரியும்.

இப்படி ஒரு மனு வந்தால், அதை நாலாகப் பிரித்து நாலு இடத்துக்கும் அனுப்ப வேண்டுமா?

2008 ஜூன் 12 அன்று மத்தியப் பணியாளர் நலத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. தேவையில்லை என்றது. காரணம் என்ன தெரியுமா? சட்டத்தின் ஆங்கில மூலத்தில் இந்த இடத்தில் வருவது "அனதர் பப்ளிக் அத்தாரிட்டி". அதாவது "வேறொரு அமைப்பு". "வேறு அமைப்புகள்" என்று இல்லை. சட்டம் ஒருமையில் எழுதியிருக்கிறது, அந்த ஒருமையைக் கவனியுங்கள் என்று அந்தச் சுற்றறிக்கையே சுட்டிக்காட்டுகிறது. ஆக, தகவல் ஒரே ஒரு வேறு அமைப்பிடம் இருந்தால் மாற்றி அனுப்பு. பல அமைப்புகளிடம் சிதறிக் கிடந்தால், உன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டு, மீதிக்குத் தனித்தனியாக மனுப் போடச் சொல்.

ஒரு "கள்" விகுதி! அது இல்லாததால் நாலு ஆபீஸ் ஏறி இறங்க வேண்டும். முதல் தடவை படித்தபோது நான் அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இதற்கு ஒரு பதிலடி இருக்கிறது, அதுவும் இலக்கணத்திலேயே. இந்தியாவில் 1897-ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம் என்று ஒன்று உண்டு. மற்றச் சட்டங்களை எப்படி வாசிப்பது என்று சொல்லித்தருகிற சட்டம். அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது: இடத்துக்குப் பொருந்தாமல் போனால் ஒழிய, ஒருமையில் இருக்கும் சொல் பன்மையையும் குறிக்கும், பன்மை ஒருமையையும் குறிக்கும். அப்படியானால் "வேறொரு அமைப்பு" என்பது "வேறு அமைப்புகள்" என்பதையும் சேர்த்துத்தானே? இந்தச் சட்டத்தின் மேல்முறையீடுகளை விசாரிக்கிற தகவல் ஆணையத்தின் உத்தரவுகளிலும் இந்த வாதம் வந்திருக்கிறது. 2005-ல் எழுதிய ஒரு வாக்கியத்துக்கு 1897 வந்து கைகொடுக்கிறது, பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், 1897 சொல்வதுதான் சரி. 6(3)-லேயே "உரிய பகுதி" என்று ஒரு சொல் இருக்கிறது. மனுவைப் பிரித்து அனுப்பலாம் என்று சட்டமே நினைத்திருக்கிறது. இரண்டாகப் பிரிக்க முடிந்த மனுவை நாலாகப் பிரிக்க முடியாதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கமென்ட்டில் எழுதுங்கள். வழக்கறிஞர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? கனடாவில் கைமாற்ற 15 நாள் தருகிறார்கள், அவ்வளவுதான். பிரிட்டன் கதை கொஞ்சம் கவலைக்குரியது. ஒரே கேள்வி பல துறைகளுக்குப் போனால் பதில்களை ஒருங்கிணைக்க அங்கே கேபினட் அலுவலகத்தில் கிளியரிங் ஹவுஸ் என்று ஒரு பிரிவு வைத்தார்கள். கேட்க நல்ல யோசனை. ஆனால் கேட்டவர்களின் பெயரோடு பட்டியல்கள் துறைகளுக்குள் சுற்றுகின்றன என்று 2020-ல் செய்தி வெளிவந்தது. பத்திரிகை ஆசிரியர்கள் கொதித்தார்கள், நாடாளுமன்றக் குழு விசாரித்தது. யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பதுதான் தகவல் சட்டத்தின் அடிப்படை. எல்லா மனுவும் ஒரே மேஜைக்கு வந்தால் அந்த அடிப்படைதான் முதலில் ஆட்டம் காண்கிறது. ஒருங்கிணைப்பு வேண்டும் என்று கேட்கிற நாம் இதையும் மறக்கக் கூடாது.

அமெரிக்காவில் இரண்டு வழி. ஒன்று கலந்தாலோசனை: மனு வாங்கிய துறையே மற்றத் துறையிடம் கேட்டுவிட்டுத் தானே பதில் சொல்லும். இன்னொன்று கைமாற்றம்: ஆவணத்தை உருவாக்கிய துறைக்கே அதை அனுப்பிவிடும், பதிலும் அங்கிருந்தே வரும். 1978 நவம்பரில் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் 900-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அதைப் பற்றிய ஆவணங்களை ஒரு பத்திரிகையாளர் சிஐஏவிடம் கேட்டார். தங்களிடம் இருந்ததில் ஒரு பகுதி வெளியுறவுத் துறையும் எஃப்பிஐயும் எழுதியது என்று சிஐஏ அவற்றை அந்தத் துறைகளுக்குத் தள்ளிவிட்டது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் போனது. 1983-ல் தீர்ப்பு: தள்ளிவிடுவது தப்பில்லை, ஆனால் அதனால் ஆவணம் கிடைப்பதே சிரமமானாலோ, காத்திருப்பு கணிசமாக நீண்டாலோ, அதுவும் தகவலை மறைப்பதற்குச் சமம். எனக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும். கையில் ஆவணத்தை வைத்துக்கொண்டு "என்னுடையது இல்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்? சுற்றறிக்கை மாறும்வரை காத்திருக்க வேண்டாம். கேள்வியை நீங்களே துண்டு போடுங்கள். ஏரி மனுவில் நான் அப்படித்தான் செய்தேன். ஊராட்சிக்கு: இன்னின்ன சர்வே எண்ணில் உள்ள வீடுகளின் வரி விதிப்புப் பதிவேட்டு நகல். மின்வாரியத்துக்கு: அதே சர்வே எண்ணில் இணைப்பு கொடுத்த தேதிகளும், அதற்கு வாங்கிய ஆவணங்களின் வகையும். நாலு மனுவிலும் அதே சர்வே எண்கள்தான். அந்த எண்கள்தான் நூல், பிறகு பதில்களைக் கோர்க்க உதவுவது அவைதான். "ஏன் இணைப்பு கொடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். இருக்கிற ஆவணத்தைக் கேளுங்கள். பல இடத்துத் தகவலைத் திரட்டிப் புதிதாக ஒன்றை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது, அந்தச் சாக்கை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு மனுவின் கடைசியிலும் ஒரு வரி சேருங்கள்: "தகவல் தங்களிடம் இல்லையெனில் பிரிவு 6(3)-ன்படி உரிய அமைப்புக்கு 5 நாட்களுக்குள் அனுப்பி, எனக்கும் தெரிவிக்கவும்." மத்திய அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது மட்டும் கவனம். மாநில அரசு சம்பந்தப்பட்ட தகவல் என்றால் மாற்றி அனுப்பாமல் "அங்கே கேளுங்கள்" என்று சொன்னால் போதும் என்பது அந்த 2008 சுற்றறிக்கையின் நிலைப்பாடு.

பதில் வரவில்லையா? 30 நாள் தாண்டினால் அது மறுத்ததற்குச் சமம். முதல் மேல்முறையீட்டுக்கு உங்களுக்கு 30 நாள். யாரிடம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மனுவை அனுப்பாமல் வைத்திருந்தது முதல் அலுவலகம் என்றால் அங்குள்ள மேல்முறையீட்டு அலுவலரிடம். போய்ச் சேர்ந்த இடத்தில் மௌனம் என்றால் அங்கே. தாமதமாகத் தந்தால் நகல் கட்டணம் கேட்கக் கூடாது, பிரிவு 7(6). ஆணையம்வரை போனால் மனுக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்புள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க இடம் உண்டு.

அப்புறம் ஒரு விஷயம். ஒரே அமைப்புக்குள் "அது அடுத்த செக்‌ஷன்" என்று சொன்னால் அதற்கு 6(3) இல்லை, 5(4), 5(5). தகவல் அலுவலர் எந்த அதிகாரியின் உதவியையும் கேட்கலாம். உதவ மறுத்தால், அந்த அதிகாரியையே தகவல் அலுவலராகக் கருதி அபராதக் கேள்வி அவர் பக்கம் திரும்பும்.

என் வரைபடம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த மூன்று வரிக் கடிதத்தின் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, 6(3)-ஐ மேற்கோள் காட்டி, ஒரே பக்கத்தில் மேல்முறையீடு எழுதினேன். மனு மாறிப் போனது. சில வாரம் கழித்து ஒரு பெரிய கவர் வந்தது.

(திரையில்: மடிப்புத் தடம் பதிந்த வரைபட நகல், கரைக்கோட்டின் மேல் நகரும் விரல்)

இதோ மதகு. இதோ கரை. இந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் சர்வே எண்களைத்தான் நாலு மனுவிலும் எழுதினேன். மூன்று பதில் வந்துவிட்டது. நாலாவது ஆபீஸுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. வந்ததும் நாலையும் மேஜைமேல் பரப்பி அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு "உரிய அலுவலகம்" கடிதம் வந்திருந்தால், பெயர் முகவரியை மறைத்துவிட்டு, மனுப் போட்ட தேதியையும் பதில் வந்த தேதியையும் கமென்ட்டில் எழுதுங்கள்.