தாத்தா காதுக்கு ஒரு ஹெட்போன்

வணக்கம் மக்களே. பின்னால் கடகடவென்று கேட்பது பக்கத்து வீட்டுத் தறி. சங்கரன்கோவிலில் அது இல்லாமல் வீடியோ எடுக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய கதையே அந்தச் சத்தத்தில்தான் தொடங்குகிறது.

தாத்தா நாற்பது வருடம் விசைத்தறியில் நின்றவர். ஆச்சி "தட்டு எடுங்க" என்றால், "பட்டா? யாருக்குக் கல்யாணம்?" என்பார். 'அட்டு' கேட்கிறது, முன்னால் நிற்கிற 'த'தான் காணாமல் போகிறது. உயிரோசைக்கு வலு கீழ் அதிர்வெண்களில். 'த'வையும் 'ப'வையும் பிரித்துக் காட்டுகிற ஓசை பெரும்பாலும் மேல் அதிர்வெண்களில். இரைச்சலில் முதலில் அடி வாங்குவதும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான்.

காது மெஷின் இருக்கிறது. அதன் மேல் ஹெட்போனை வைத்தால் கீச்சென்று விசில். மெஷினில் இருந்து கசிகிற சத்தம் ஹெட்போன் மூடியில் பட்டுத் திரும்பி, மெஷின் மைக்கிலேயே விழுகிறது. சரி, பாட்டுக் கேட்கும்போது மெஷினைக் கழற்றிவிட்டு, அதன் வேலையை ஹெட்போனிடமே கொடுத்தால் என்ன?

இதோ அவருடைய ஆடியோகிராம், அதாவது எந்த அதிர்வெண்ணில் காது எவ்வளவு இழந்திருக்கிறது என்று காட்டும் பரிசோதனை வரைபடம். 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபல் இழப்பு, 4000-இல் 65. இழப்பு முழுவதையும் ஏற்றக் கூடாது, பாதி போதும் என்று 1944-லேயே லைபார்கர் என்பவர் ஒரு கணக்குச் சொன்னார். அப்படியென்றால் கீழே 10, மேலே 32 ஏற்ற வேண்டும். ஒவ்வொரு அதிர்வெண் பட்டையையும் தனித்தனியே கூட்டிக் குறைப்பது ஈக்வலைசர். ஆனால் என் போன் ஈக்வலைசரில் எந்தப் பட்டையும் 12-க்கு மேல் ஏறாது! ரெண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். அப்புறம்தான் உறைத்தது: தேவை 22 டெசிபல் வித்தியாசம், அவ்வளவுதானே? கீழே 10 இறக்கு, மேலே 12 ஏற்று, மொத்த வால்யூமைக் கூட்டிக்கொள்.

இன்னொரு வம்பு. "சத்தமாப் பேசுலே" என்பார், பேசினால் "ஏன்லே கத்துத?" என்பார். இந்த மாதிரிக் காதுக்கு மெல்லிய சத்தம் எட்டாது, பெரிய சத்தமோ நமக்குப் போலவே உறைக்கும். அதனால் கம்ப்ரஸரையும் போட்டேன். அது சின்னதைத் தூக்கும், பெரியதை அமுக்கும். உச்ச அளவுக்கும் ஒரு பூட்டு. மிச்சம் இருக்கிற காதையும் நான் கெடுத்துவிடக் கூடாது, பாருங்கள்.

இதெல்லாம் புது விஷயம் இல்லை. ஐபோனில் ஆடியோகிராமைக் கொடுத்து ஹெட்போன் ஒலியைத் திருத்தும் வசதி 2020-லேயே வந்துவிட்டது. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்போனைக் காது மெஷினாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதியும் கொடுத்தது, லேசான, நடுத்தர இழப்புக்கு மட்டும். தாத்தாவிடம் இருப்பதோ ஐந்நூறு ரூபாய் ஹெட்போன்.

நேற்று ராத்திரி திண்ணையில் உட்கார வைத்து ஒரு வில்லுப்பாட்டுப் பதிவைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தவர், திடீரென்று ஹெட்போனைக் கையால் அழுத்திப் பிடித்தார்.

"ஏலே, ஜால்ரா யாருலே அடிக்கான்?"