வெடக்கோழிக்கு எப்போது சுண்ணாம்புச் சத்து?

வணக்கம் நேயர்களே. வெடக்கோழி, அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைக்கோழி, வளர்க்கிறவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது இதைத்தான்: "நாலு மாசம் ஆச்சு, இன்னும் முட்டை வைக்கலை. என்ன தீனி போட்டா சீக்கிரம் வைக்கும்?"

நானும் அந்த அவசரக்காரன்தான். முதன்முதலில் ஐம்பது குஞ்சு வாங்கி விட்டிருந்தேன். பத்தாவது வாரம் தீவனம் தீர்ந்தது. கடையில் முட்டைக்கோழித் தீவனம்தான் இருந்தது. எல்லாம் கோழித் தீவனம்தானே என்று அதையே மூட்டையாகத் தூக்கி வந்தேன். சில வாரங்களில் ஒவ்வொன்றாகக் கூனிக்கொண்டு நின்றன. எச்சம் தண்ணீராகப் போனது. செத்ததைக் கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டினார். ஈரல் மேலும் இதயத்தின் மேலும் வெள்ளையடித்த மாதிரி ஒரு பூச்சு. சிறுநீரகம் கெட்டதால் வெளியே போக முடியாமல் படிந்த யூரிக் அமில உப்பு அது. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். வளர்கிற கோழிக்கு ஒரு சதவீதம் போதும். மிச்சத்தை வெளியேற்றியே அதன் சிறுநீரகம் பழுதாகிவிடுகிறது.

முதல் எட்டு வாரம் குஞ்சுக்கு வேண்டியது புரதம், தீவனத்தில் சுமார் 20 சதவீதம். குருணையும் கம்பும் மட்டும் போட்டால் அது வராது. நம் பாட்டிமார் இதற்கு வழி வைத்திருந்தார்கள். பழைய பானையில் வைக்கோலும் காய்ந்த சாணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் நிமிர்த்தினால் பானை நிறையக் கரையான். பஞ்சாரத்தைத் தூக்கியதும் குஞ்சுகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒன்பதாவது வாரத்திலிருந்து வளர்கோழித் தீவனம். புரதம் 16 சதவீதம் இருந்தால் போதும். கீரை, தண்ணீரில் மிதந்து வளர்கிற அசோலா தாராளமாகப் போடலாம். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை மட்டும், விலை மலிவு என்று தொட்டுவிடாதீர்கள்.

முட்டைத் தீவனத்துக்கு மாற்றும் நாளைக் கோழியே சொல்லும். நாமக்கல் பண்ணைகளில் வளர்க்கிற வெள்ளைக் கோழி 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வரும். நம் நாட்டுக்கோழியான சிறுவிடைக்கு ஆறு மாதம்கூட ஆகும். கொண்டை சிவந்து, முதுகில் கைவைத்தால் பதுங்கி உட்கார்ந்து, மூலை மூலையாக இடம் தேடினால் நேரம் வந்துவிட்டது.

வெடையும் தாய்க்கோழியும் சேவலும் ஒன்றாய் மேய்கிற வீட்டில் என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே போடுங்கள். கிளிஞ்சலை இடித்து, தூளாக்காமல் நொய் அளவில், தனிச் சட்டியில் வையுங்கள். தேவைப்படுகிற கோழிதான் அதை அதிகம் கொத்தும். ஓடு பெரும்பாலும் இராத்திரியில்தான் உருவாகிறது. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். கிளிஞ்சல் தூளாக இல்லாமல் நொய்யாக இருந்தால் அரைவைப்பையில் தங்கி, விடியவிடியக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் அடையப் போகும் முன், மாலையில் சட்டி காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.