ராணி முகத்தை அப்புறம் பார்க்கலாம்

எல்லோருக்கும் வணக்கம். நான் உள்ளே வரும்போதே நாலைந்து பேர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாயை நீட்டினீர்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "இது எவ்வளவுக்குப் போகும்?" அதற்கு முன்னால், இது நாணயம்தானா என்று பார்ப்போமே.

காசை எடுத்ததும் நம் கண் விக்டோரியா ராணி முகத்துக்குத்தான் போகிறது. போலி செய்கிறவனும் அங்கேதான் பாடுபட்டிருப்பான். ஆகவே நான் முதலில் தராசில் வைப்பேன். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ரூபாய்க்கு ஒரே அளவை விதித்தது: 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நாட்டு மருந்துக் குறிப்பில் 'ஒரு ரூபாய் எடை' என்று வருமே, அந்த ரூபாய்தான் இது. புழங்கித் தேய்ந்த காசில் எடை கொஞ்சம் குறையும். ஆனால் முகம் பளிச்சென்று இருந்து எடை மட்டும் 10 கிராம் என்றால் எப்படி?

கெட்டிக்காரன் எடையையும் சரிக்கட்டிவிடுவான். அவனுக்குத் தண்ணீர் இருக்கிறது. பொன் எடை போடும் சின்ன மின்தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க முக்குங்கள். தராசு காட்டுவது காசின் எடையை அல்ல, அது விலக்கிய தண்ணீரின் எடையை; சுமார் 1.13 கிராம் காட்டவேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த போலியானால் 1.3 வரும். காந்தத்தை நம்பாதீர்கள், பித்தளையும்தான் ஒட்டாது!

இதில் ஒரு சிக்கல். 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் வெள்ளி பாதிதான்; எடை அதே 11.66. நல்ல காசே தண்ணீரில் 1.22 காட்டும். அதைப் போலி என்று வீசிவிடாதீர்கள்.

அடுத்தது விளிம்பு. எனக்கு மிகவும் பிடித்த இடம். அசல் காசு அச்சில் அடித்தது. உருக்கி வார்த்த போலியானால் விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல்கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் தெரியும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். ராணி தலைக்கு நேர் மேலே விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு இருந்தால் அது வேறு கதை. காசு அசல்தான், யாரோ பாட்டியின் காசுமாலையிலிருந்து கழன்றது. சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள், எனக்கு என்னவோ அந்தத் தழும்பு பிடிக்கும்.

இப்போது முகத்துக்கு வாருங்கள். 1877-இலிருந்துதான் காசில் விக்டோரியா 'எம்ப்ரஸ்', அதாவது பேரரசி. அதற்கு முந்தைய ஆண்டோடு அந்தச் சொல் வந்தால் காசைக் கீழே வைத்துவிடலாம். 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியிலுள்ள யானை, துதிக்கை குட்டையாகிப் பன்றிபோலத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பவே 1912-இல் திருத்தினார்கள். அதனால் 1911 காசில் யானை லட்சணமாக இருந்தால்தான் பயப்படவேண்டும். 1939 ரூபாய் அரிது. 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவார்கள், அந்த எண்ணை மட்டும் லென்ஸில் பாருங்கள். 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 'கம்பெனிக் காசு', அரிசியை இழுக்கும் என்பார்களே, அப்படி ஒன்றைக் கம்பெனி அடிக்கவே இல்லை.

தயவுசெய்து விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். எனக்குக் கிடைத்த முதல் 1840 ரூபாயை நான் அப்படித்தான் பளபளப்பாக்கிக் கெடுத்தேன். சரி, முடிச்சுகளை அவிழுங்கள். தராசு அந்த மேசையில் இருக்கிறது, யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவாருங்கள்.