ஓடர் விழுந்த பிறகு: ஒன்லைன் கடைக்கு மென்பொருள் தெரிவு செய்வது எப்படி?

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மருதமுனைக் கைத்தறி, காத்தான்குடிப் பிடவை, முந்திரிகைப் பருப்பு, தேன், கருவாடு என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து ஒன்லைனில் விற்கிறவர்கள் பலர் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும்தான் தொடங்குகிறார்கள். வியாபாரம் கொஞ்சம் பிடித்ததும் சொந்தமாக ஓர் இணையக் கடை போடும் எண்ணம் வரும். அந்தக் கடைக்குள் பொருளைக் கூடையில் போடுவது, விலாசம் கேட்பது, டெலிவரிக் காசைக் கணக்கிடுவது, பணம் அறவிடுவது, இருப்பைக் குறைப்பது எல்லாவற்றையும் செய்வது ஷொப்பிங் கார்ட் மென்பொருள். அதைத் தெரிவு செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், உங்களுக்கு இது இப்போதே தேவையா? ஒரு நாளைக்கு நாலைந்து ஓடர் வருகிற கடைக்கு வட்ஸ்அப் பிஸ்னஸ் போதும். அதன் கட்டலொக்கில் 500 பொருள்கள் வரை போடலாம், அதற்குக் காசும் இல்லை. இருக்கிற ஒரே சாறியை இரண்டு பேருக்கு விற்றுவிடுவது, வங்கியில் விழுந்த காசு யாருடையது என்று தேடிக்கொண்டிருப்பது, விலாசம் கேட்டே அரை நாள் போவது, இப்படி நடக்கத் தொடங்கினால்தான் மென்பொருளைத் தேடுங்கள்.

கடை செய்து தருகிறவர்கள் முதலில் காட்டுவது முகப்புப் பக்கத்தை. ஓடும் படம், வண்ணம், எழுத்து. அதைப் பார்த்து மயங்க வேண்டாம். முகப்பை எப்போதும் மாற்றலாம். வாடிக்கையாளர் 'ஓடர் செய்' என்ற பட்டனை அழுத்திய நொடியிலிருந்து பொதி அவர் கைக்குப் போய், காசு உங்கள் கணக்கில் விழும் வரை மென்பொருள் என்ன செய்கிறது என்று பாருங்கள். பணம் கரைவது அந்த இடத்தில்தான்.

நம் பக்கத்தில் பலர் கேட்பது பொருளை வாங்கிக்கொண்டு காசைக் கையில் கொடுக்கும் முறை, அதாவது கேஷ் ஒன் டெலிவரி. பெரும்பாலான மென்பொருள்களில் இது இருக்கும். ஆனால் இருப்பது மட்டும் போதாது. பொதியை வாங்க மறுத்தால் போன கூலியோடு திரும்பி வந்த கூலியும் பெரும்பாலும் உங்கள் தலையில் விழும். பலர் போடும் இலவச ஷொப்பிங் கார்ட் மென்பொருளான வூகொமர்ஸ் இப்படியான ஓடரை நேரே 'செயல்படுத்தப்படுகிறது' என்ற நிலைக்குக் கொண்டுபோய் இருப்பையும் குறைத்துவிடும். வாடிக்கையாளரைத் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்தினீர்களா என்பது அதற்குத் தெரியாது. எனவே 'போனில் உறுதி' என்று தனி நிலை ஒன்றைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். தொலைபேசி இலக்கம் கட்டாயமாகவும் பத்து இலக்கமாகவும் இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்த முடியுமா? குறிப்பிட்ட தொகைக்கு மேல் இந்த முறையை மறைக்க முடியுமா? இருபதாயிரம் ரூபாய் ஓடரை முற்பணம் இல்லாமல் அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வங்கியில் காசு போட்டுவிட்டு ஸ்லிப் அனுப்புகிறவர்கள் அடுத்த கூட்டம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பணம் கட்டாத ஓடருக்காக வூகொமர்ஸ் இருப்பைப் பிடித்து வைக்கும் நேரம் இயல்பாக 60 நிமிடம். அது முடிந்தால் ஓடர் தானாக ரத்தாகி, பொருள் மீண்டும் விற்பனைக்கு வரும். ஆனால் இந்த 60 நிமிடக் கணக்கு காட்டில், அதாவது வங்கி அட்டையில், பணம் கட்டும் பக்கம் வரை போய் நின்றுவிட்ட ஓடருக்குத்தான். வங்கி வைப்பு ஓடர் 'நிறுத்தி வைப்பு' என்ற வேறு நிலைக்குப் போகிறது. அது தானாக ரத்தாகாது. கைத்தறியில் ஒரு நிறத்தில் ஒரே ஒரு சாறிதான் இருக்கும். காசே போடாத ஒருவருக்காக அது வாரக்கணக்கில் 'விற்று முடிந்தது' என்று கிடக்கும். இதற்குத் தனி நீட்சி, அதாவது மென்பொருளோடு சேர்க்கும் மேலதிகத் துண்டு, போட வேண்டும், இல்லாவிட்டால் தினமும் மாலையில் ஒருவர் உட்கார்ந்து பழைய ஓடர்களை ரத்துச் செய்ய வேண்டும்.

இனி டெலிவரிக் கூலி. கூரியர்காரர்கள் முதல் கிலோவுக்கு ஒரு விலை, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் இன்னொரு விலை என்று எடுப்பதும், அரைகுறைக் கிலோவை முழுக் கிலோவாகக் கணக்கிடுவதும் வழக்கம். பொதியோடு சேர்த்து ஒரு சாறி 700 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒரு கிலோக் கூலி. இரண்டு சாறி 1.4 கிலோ, கூலியோ 2 கிலோவுக்கு. மூன்று சாறி 2.1 கிலோ, அதற்கு 3 கிலோக் கூலி. நூறு கிராம் கூடியதற்கு ஒரு கிலோ கூலி கட்டுகிறீர்கள். வூகொமர்ஸோடு இலவசமாக வரும் நிலையான கட்டண முறையில் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடலாம், நிறையை வைத்துப் போட முடியாது. நிறைக்கு அட்டவணைக் கட்டண நீட்சி ஒன்று வேண்டும், நல்லவை பெரும்பாலும் வருடச் சந்தாவில் வருகின்றன. 'மென்பொருள் இலவசம்' என்று கேட்டவுடன் சந்தோஷப்பட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். தேவையான நீட்சிகளின் விலையை முதலில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

கூலி இடத்துக்கு இடமும் மாறும். மென்பொருள்கள் இதற்கு அஞ்சல் குறியீட்டை நம்புகின்றன. மட்டக்களப்பு 30000, கல்முனை 32300, அக்கரைப்பற்று 32400. குறியீட்டு வரம்பை வைத்து வலயம் பிரிக்கலாம்தான், ஆனால் வாங்குகிறவர்களில் பலருக்குத் தங்கள் குறியீடு தெரியாது. தெரியாதவர் ஏதாவது ஐந்து இலக்கத்தைத் தட்டிவிட்டுப் போவார், கூலி பிழைக்கும். மாவட்டத்தையும் நகரத்தையும் பட்டியலிலிருந்து தெரிவு செய்ய விடுவது நல்லது. இலங்கையின் 25 மாவட்டங்களும் பல மென்பொருள்களில் தயாராக வருவதில்லை. செய்து தருகிறவரிடம் இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். விலாசத்துக்கு அடுத்து 'அருகிலுள்ள அடையாளம்' என்று ஒரு பெட்டியும் தேவை. பள்ளிவாசலுக்குப் பக்கம், கோயில் வீதி முடக்கு என்று எழுத இடம் இருந்தால் டெலிவரிப் பையன் உங்களுக்குப் பத்துத் தரம் போன் எடுக்க மாட்டான்.

இப்போது காட் பணம். ஸ்ட்ரைப் போன்ற வெளிநாட்டுச் சேவைகளை நம்பி எழுதப்பட்ட நீட்சிகள் நமக்கு உதவாது, இலங்கையில் பதிவான கடைக்கு ஸ்ட்ரைப் கணக்குத் தருவதில்லை. பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற உள்ளூர் கேட்வே, அதாவது காட் பணத்தை உங்களுக்காக அறவிடும் சேவைதான் வழி. நீங்கள் நினைக்கும் மென்பொருளுக்கு அந்த கேட்வேயே வெளியிட்ட இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யாரோ எழுதி, பல மாதமாகப் புதுப்பிக்காத இணைப்பு என்றால் அந்த மென்பொருளை விட்டுவிடுங்கள்.

காட் பணத்தில் அடிக்கடி வரும் கோளாறு, காசு வெட்டுப்பட்டும் கடையில் ஓடர் 'பணம் வரவில்லை' என்று நிற்பது. காரணம் எளிது. வாடிக்கையாளர் கேட்வேயின் பக்கத்துக்குப் போய்ப் பணம் கட்டுகிறார். முடிந்ததும் அவருடைய போன் உங்கள் கடைக்குத் திரும்பி வர வேண்டும். அந்த நேரம் டேட்டா போனால், அல்லது அவர் பக்கத்தை மூடினால், திரும்பி வரமாட்டார். அதற்காகத்தான் கேட்வேயின் சேர்வர் உங்கள் சேர்வருக்குத் தனியாக ஒரு அறிவித்தல் அனுப்புகிறது. ஓடரை உறுதி செய்ய வேண்டியது அந்த அறிவித்தலை வைத்துத்தான், வாடிக்கையாளர் திரும்பி வந்ததை வைத்து அல்ல. பாதுகாப்பு நீட்சியோ, கடையை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவையின் தடுப்போ அந்த அறிவித்தலை உள்ளே விடாவிட்டால் இந்தக் கோளாறு தொடரும். காட் இலக்கத்தை உங்கள் கடைப் பக்கத்திலேயே வாங்கிச் சேமிக்கலாம் என்று எவராவது சொன்னால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஷொப்பிஃபையா, வூகொமர்ஸா என்ற கேள்விக்கு வருவோம். ஷொப்பிஃபை 2006இல் கனடாவில் தொடங்கிய சேவை. வாடகைக் கடை மாதிரி: மாதம் டொலரில் கட்ட வேண்டும், பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. அவர்களின் சொந்தக் கட்டணச் சேவை இலங்கைக் கடைகளுக்குக் கிடைக்காததால் வெளி கேட்வே போட வேண்டும், அதற்காக அடிப்படைத் திட்டத்தில் விற்பனைத் தொகையில் 2 வீதம் மேலதிகமாக எடுப்பார்கள். கேட்வே 3 வீதம் எடுப்பதாக வைத்தால், 4,500 ரூபாய் சாறியில் 135 ரூபாய் கேட்வேக்கு, 90 ரூபாய் ஷொப்பிஃபைக்கு, ஆக 225 ரூபாய். கையில் காசு, வங்கி வைப்பு ஓடர்களுக்கு அந்த 2 வீதம் இல்லை. ஆகவே உங்கள் ஓடர்களில் காட் எத்தனை பங்கு என்று தெரியாமல் இந்தக் கணக்கு முடியாது.

வூகொமர்ஸ் 2011இல் வந்தது, வேர்ட்பிரஸ் என்ற இணையத்தள மென்பொருளின் நீட்சி. மென்பொருளுக்கு விலை இல்லை. ஹோஸ்டிங், டொமைன் (தள முகவரி), நீட்சிகள், பராமரிப்பு உங்கள் செலவு. வேர்ட்பிரஸையும் நீட்சிகளையும் மாதாமாதம் புதுப்பிக்க ஆள் இல்லாவிட்டால் வூகொமர்ஸ் பக்கம் போக வேண்டாம். பழைய நீட்சியின் ஓட்டையால் கடைக்குள் ஆள் புகுந்தால், பார்க்கிறவர்கள் வேறு தளத்துக்குத் திருப்பப்படலாம். இன்னொன்று: வேகத்துக்காகப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் நீட்சி (cache) போடும்போது கூடை, பணம் கட்டும் பக்கம், கணக்குப் பக்கம் மூன்றையும் விலக்கி வைக்க வேண்டும். மறந்தால் ஒருவரின் கூடை இன்னொருவருக்குத் தெரியும். ஓபன்கார்ட்டும் இலவசந்தான், சின்ன ஹோஸ்டிங்கிலும் ஓடும். ஆனால் அதில் வேலை தெரிந்த ஆளை இங்கே தேட வேண்டியிருக்கும். மஜென்டோ பெரிய நிறுவனங்களுக்கு உரியது, நமக்கு வேண்டாம்.

என் கருத்து இது. கணனி வேலை தெரிந்த ஒருவர் வீட்டிலோ கடையிலோ இருந்தால் வூகொமர்ஸ். இல்லையென்றால், டொலர் கூடும் குறையும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஷொப்பிஃபை. மலிவு என்பதற்காக, எவரோ தானே எழுதிய மென்பொருளை மட்டும் வாங்காதீர்கள். அவர் வெளிநாடு போனால் கடையைத் திறக்கவும் மூடவும் ஆளில்லை.

தமிழைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், இதைச் சோதிப்பவர்கள் குறைவு. பொருள் விபரங்களைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் இருப்பதை கூகுளும் தேடாது, உங்கள் கடையின் தேடல் பெட்டியும் தேடாது. அடுத்தது பக்க முகவரி. வேர்ட்பிரஸ் முகவரிப் பகுதியை 200 குறிகளுக்குள் வெட்டும். தமிழின் ஒவ்வொரு எழுத்துக் குறியும் அங்கே 9 இடம் பிடிக்கும், கால், கொம்பு, புள்ளி தனித்தனியே எண்ணப்படும். 'மருதமுனை கைத்தறிச் சாறி' என்ற மூன்று சொல்லே 191 இடம். அதற்குப் பிறகு சிவப்பு, நீலம் என்று எழுதினால் அது வெட்டுப்பட்டு, எல்லாச் சாறிக்கும் ஒரே முகவரி வந்து கடைசியில் 2, 3 என்று இலக்கம் ஒட்டும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் கையால் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகப் போடுங்கள்.

பிடிஎஃப் பில்லில் தமிழ் உடைவதும் வழமை. டொம்பிடிஎஃப் என்ற மென்பொருள் நூலகத்தால் பில் அச்சிடும் நீட்சிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எம்பிடிஎஃப் நூலகத்தைப் பயன்படுத்துகிறவை சரியான எழுத்துருவோடு ஒழுங்காக அச்சிடும். வாங்கும் முன் 'கொக்கட்டிச்சோலை' என்ற சொல்லோடு ஒரு பில் அச்சிட்டுப் பாருங்கள். எஸ்எம்எஸ் அறிவித்தலிலும் கணக்கு உண்டு: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறிதான், அதற்கு மேல் போனால் இரண்டு, மூன்று செய்திக் காசு. 'ஓடர் கிடைத்தது' என்பதோடு இலக்கத்தையும் தொகையையும் மட்டும் அனுப்பினால் ஒரு செய்திக்குள் அடங்கும்.

ஓடர்களை எக்செல்லுக்கு இறக்கும்போது தொலைபேசி இலக்கத்தின் முதல் பூச்சியம் காணாமல் போகும், 077 என்பது 77 ஆகும். இறக்கும் கோப்பை நேரே திறக்காமல், தொலைபேசி இலக்கம் உள்ள நிரலை (column) 'உரை' என்று குறித்து உள்ளே எடுங்கள். கூரியருக்கு இந்தப் பட்டியலைத்தான் கொடுப்பீர்கள், ஆகவே இது சின்ன விஷயம் அல்ல. அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி எல்லாம் வாடிக்கையாளரிடம் கேட்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. தேவையில்லாததைச் சேர்த்து வைப்பது உங்களுக்கே சுமை.

கடைசியாக, பணம் கொடுக்க முன் செய்ய வேண்டிய பரிசோதனை. செய்து தருகிறவரிடம் மாதிரிக் கடை ஒன்று கேளுங்கள். உங்கள் பொருள்களில் ஐந்தைத் தமிழ்ப் பெயரோடு அதில் ஏற்றுங்கள். படங்களை அகலம் 1200 பிக்சலுக்குக் குறைத்து ஏற்றுங்கள், போனில் எடுத்த நாலு எம்பி படத்தை அப்படியே போட்டால் எந்தக் கடையும் மெதுவாகத்தான் திறக்கும். பிறகு வைஃபையை அணைத்து, சாதாரண விலைப் போன் ஒன்றில், டேட்டாவில் மூன்று ஓடர் போடுங்கள்: கையில் காசுக்கு ஒன்று, வங்கி வைப்புக்கு ஒன்று, கேட்வேயின் சோதனைக் காட்டில் ஒன்று. காட் ஓடரில் பணம் கட்டி முடிந்த உடனே பக்கத்தை மூடிவிட்டு, கடைக்குள் ஓடர் 'பணம் வந்தது' என்று மாறுகிறதா பாருங்கள். ஒன்றை ரத்துச் செய்து இருப்பு திரும்பக் கூடுகிறதா பாருங்கள். எல்லா ஓடர்களையும், பொருள்களையும் கோப்பாக இறக்கிப் பாருங்கள். இறக்க முடியாத கடையை விட்டு நீங்களும் போக முடியாது.

இவை சரி என்றால் ஒப்பந்தம் எழுதலாம். அதில் டொமைன் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும், ஹோஸ்டிங் பாஸ்வேட் உங்கள் கையில் இருக்க வேண்டும், கடைத் தரவுகளை வாராந்தம் எடுக்கும் பிரதி, கடை இருக்கும் சேர்வரிலேயே இல்லாமல் வேறிடத்தில் இருக்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதி, கையொப்பம் வாங்கிக்கொண்டு முற்பணத்தைக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.