கடன்பட்ட வீட்டுக்கு முதலில் வருகிறவர்

(மதுரை செல்லூரில் நடந்த கூட்டத்தில் பேசியது)

தாய்மார்களே, பெரியோர்களே, தம்பி தங்கைகளே.

கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ போவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. மீனாட்சி சன்னதியில் நின்று அழுதுவிட்டு மனம் லேசாகி வீடு திரும்புகிற பெண்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர். அந்த அழுகையை மோப்பம் பிடித்து, கடவுள் பெயரைச் சொல்லி வீடு தேடி வருகிற போலிச் சாமியார்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அவர்கள் எப்போது வருகிறார்கள் என்று கவனியுங்கள். தறி நின்று கூலி வராத மாதம். வட்டிக்காரர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போன மறுநாள். வந்ததும் எதுவும் கேட்கமாட்டார்கள். அரிசி கொடுப்பார்கள், "சாப்பிட்டியாம்மா?" என்பார்கள். சொந்தக்காரர்களே எட்டிப் பார்க்காத வீட்டில் அந்த ஒரு கேள்விக்கு எவ்வளவு மதிப்பு! ஏமாந்தவர்களை முட்டாள் என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அப்புறம்தான் காணிக்கை. தோடு அடகுக்குப் போகும். பிள்ளைக்கு நோய் தீரவில்லை என்றால், "உனக்கு நம்பிக்கை போதாது, உன் அக்கா வீட்டுக்குப் போய் வருகிறாயே, அந்தத் தோஷம்" என்பார்கள். பழி அவள் தலையில் விழும். தட்டிக் கேட்கக்கூடிய அக்காளும் விலகிப்போவாள். கொடுக்கப் பணம் இல்லாதபோது சேவை என்று சொல்லிக் கூலியில்லாமல் வேலை வாங்குவார்கள்.

நம் திருச்சி ரோட்டில், விராலிமலைப் பக்கம்தான் சாமியார் பிரேமானந்தாவின் ஆசிரமம். இலங்கையிலிருந்து வந்த ஆதரவற்ற பெண்பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காகவும் ஒரு கொலைக்காகவும் 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. சோறும் கூரையும் அவர் கையில் இருந்தபோது, அந்தப் பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தர்காவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீ. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பக்கத்தில் வைத்தியம் கிடைக்காத குடும்பங்கள், இங்கே குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் அவர்கள்.

மகாராஷ்டிரம் 2013-லும் கர்நாடகம் 2017-லும் மாந்திரீகம், மூடநம்பிக்கை பேரில் நடக்கும் கொடுமைகளைத் தடுக்கவென்று தனிச்சட்டம் இயற்றின. நமக்கும் வேண்டும். ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. மகளிர் குழுவில் ஒருத்தி இரண்டு வாரம் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மனநோய் என்றால் ராஜாஜி மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கிறார்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம். அந்தப் போலிச் சாமியார்களிடமிருந்து மீண்டு வருகிறவளிடம் "அப்பவே சொன்னேனே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் திரும்பி வராமல் இருக்கிறார்கள்.