பகிடிக்கு நடுவில் ஒரு சாவு

(யாழ்ப்பாணத்தில் ஒரு வாசிகசாலைக் கூட்டத்தில் பேசியதை, பேச்சு வாடை போகாமல் எழுதித் தருகிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்குள் சோகத்தைக் கலக்கலாமா என்று கதைக்கச் சொன்னார்கள். கலக்கலாம். ஆனால் இப்போது நம்முடைய தமிழ் ரீவிகளில் கலக்கிற மாதிரிக் கலக்கக்கூடாது. என் பேச்சு இவ்வளவுதான், மிச்சம் எல்லாம் விளக்கம், அவசரமாகப் போக வேண்டியவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகலாம்.

கலக்கவே கூடாது என்று ஒரு கட்சி இருக்கிறது. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாள் முழுக்க வேலை செய்து களைத்து வந்து அரை மணித்தியாலம் சிரிப்போம் என்று இருக்கிறவனுக்கு எதற்கு அழுகை, அதற்குத்தான் பின்னேரத்திலிருந்து படுக்கிற நேரம் வரை சீரியல் ஓடுகிறதே. அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரை வந்த 'சைன்ஃபெல்ட்' தொடரை எழுதினவர்கள், ஒருவரும் கட்டிப்பிடித்து உருகக்கூடாது, ஒருவரும் பாடம் படிக்கக்கூடாது என்பதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். நமக்குள்ளும் கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' இருக்கிறது. ஒரு பஸ், ஒரு கொண்டக்டர், மேடையில் ஒரே ஒரு ஆள், அவ்வளவுதான். அதைக் கேட்டுச் சிரித்த யாரும் இடையில் ஒரு கண்ணீர்க் காட்சி இல்லையே என்று குறைப்பட்டதாக நான் அறியவில்லை. பாடம் சொல்லுகிற பகிடியைவிடப் பாடமே இல்லாத பகிடி எவ்வளவோ மேல்.

ஆனால் அந்தக் கட்சிக்காரர், கலப்பது வெளிநாட்டுப் பழக்கம் என்று சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வரும். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாட்டையும், அதாவது உள்ளே இருக்கிற உணர்ச்சி வெளியே தெரிகிற எட்டு விதத்தையும், வரிசைப்படுத்தும்போது முதலாவது நகை, அடுத்தது அழுகை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தபடியால் கலக்கச் சொன்னார் என்று வாதாட மாட்டேன், அது பட்டிமன்றக்காரர் செய்கிற வேலை. எனக்குச் சாட்சி நம்முடைய இசை நாடகக் கொட்டகை. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அரிச்சந்திரன் கதையில் சந்திரமதியை விலைக்கு வாங்குகிற காலகண்டையர் மேடைக்கு வந்தாலே சனம் சிரிக்கும், அந்த ஆளுடைய கஞ்சத்தனமும் சிடுசிடுப்பும் அப்படி. ஆனால் அதே காலகண்டையர்தான் லோகிதாசனைத் தர்ப்பை வெட்ட அனுப்புகிறார், பிள்ளை பாம்பு கடித்துச் சாகிறது. எந்தக் குணத்தைப் பார்த்துச் சிரித்தோமோ அந்தக் குணம்தான் பிள்ளையைக் கொண்டுபோகிறது. சிரிப்பு ஒரு பக்கம், சோகம் ஒரு பக்கம் என்று பிரித்து எடுக்கவே முடியாது. செத்தவீட்டுப் பந்தலுக்குள்ளும் அப்படித்தானே, உள்ளே ஒப்பாரி, வெளியே விடிய விடியக் கடதாசி விளையாடிக்கொண்டு செத்த மனிசன் செய்த சேட்டைகளைச் சொல்லிச் சிரிப்போம். அது ஒருவருக்கும் மரியாதைக் குறைவாகப் பட்டதில்லை.

இனி ரீவிக்கு வருவோம். அமெரிக்க சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1972 முதல் 1983 வரை கொரிய யுத்தத்தைப் பற்றி 'மேஷ்' என்ற தொடர் ஓடியது. கொரிய யுத்தம் நடந்தது மூன்று வருடம், தொடர் நடந்தது பதினொரு வருடம். களத்துக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்துக் காயக்காரரை வெட்டித் தைக்கிற டாக்டர்மாரின் கதை, ஆனால் நகைச்சுவைத் தொடர். பதிவு செய்த சிரிப்பொலி கட்டாயம் வேண்டும் என்று நிறுவனம் நிற்க, எடுத்தவர்கள் வேண்டாம் என்று நிற்க, கடைசியில் சத்திரசிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி இல்லை என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். பிரித்தானியாவில் பிபிசி அதைக் காட்டியபோது சிரிப்பொலியே இல்லாமல் காட்டியது. பகிடி அப்போதும் பகிடியாகத்தான் இருந்தது.

அந்தத் தொடரில் ஹென்றி பிளேக் என்று ஒரு பொறுப்பதிகாரி, கொஞ்சம் அசமந்தமான, நல்ல மனிசன். நடித்தவர் தொடரை விட்டுப் போக இருந்தார். 1975 மார்ச் 18இல் வந்த பாகத்தில் அவருக்கு வீட்டுக்குப் போக உத்தரவு வருகிறது, குடிக்கிறார்கள், பகிடி விடுகிறார்கள், பிரியாவிடை நடக்கிறது, ஆள் போயாயிற்று. கடைசிக் காட்சியில் ரேடார் என்ற பெடியன் முகமூடிகூடப் போடாமல் சத்திரசிகிச்சை அறைக்குள் வந்து ஒரு செய்தியை வாசிக்கிறான்: அவர் போன விமானம் ஜப்பான் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, ஒருவரும் தப்பவில்லை. பெரும்பாலான நடிகர்களுக்கே அந்தக் கடைசிப் பக்கத்தை முன்கூட்டிக் கொடுக்கவில்லை. சோக இசை இல்லை, யாரும் பேருரை ஆற்றவில்லை, டாக்டர்மார் வேலையை நிறுத்தவில்லை, ஏனென்றால் மேசையில் இன்னொருவன் கிடக்கிறான். பார்த்தவர்கள் ஆத்திரப்பட்டுக் கடிதங்களாக எழுதித் தள்ளினார்கள், நகைச்சுவைத் தொடரில் இப்படிச் செய்யலாமா என்று. 'போயிட்டு வாறன்' என்று சொல்லிப் போன ஆட்கள் வந்து சேராத ஊரில் நின்று, அது ஏன் சரி என்று நான் விளக்கத் தேவையில்லை.

பிரித்தானியாவின் 'பிளாக்அடர்' இதைவிடக் கெட்டித்தனம். முதலாம் உலகப் போர்ப் பதுங்குகுழியில் நடக்கிற அதன் கடைசிப் பாகம் 1989 நவம்பரில் வந்தது. பால்ட்ரிக் என்கிற சிப்பாய் தொடர் முழுக்க 'என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது' என்று சொல்லி ஏதாவது விசர்த் திட்டம் சொல்லுவான், அதுதான் வழமையான பகிடி. குழியை விட்டு ஏறி ஓடுவதற்குச் சற்று முன்னும் அதையே சொல்கிறான். கேட்க நேரமில்லை. ஏறுகிறார்கள், குண்டுச் சத்தம், படம் மெல்ல மாறிப் பொப்பிப் பூ வயலாகிறது, அந்தப் போரில் செத்தவர்களை அங்கே நினைக்கிற பூ. எத்தனையோ தடவை சிரித்த அதே வசனம்தான். இப்படிச் செய்ய ஒரு பகிடியைப் பல வாரம் வளர்த்திருக்க வேண்டும், சும்மா ஒரு கிழமையில் வராது.

எதிர்ப்பக்கமாகவும் போகலாம், சாவுக்குள் பகிடியைக் கொண்டுவரலாம். 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹோர்சஸ்' தொடரில் தாத்தாவாக நடித்த லெனார்ட் பியர்ஸ் 1984 டிசம்பரில் இறந்துபோனார். 1985இல் தாத்தாவின் செத்தவீட்டையே காட்டினார்கள். பேரன்மார் அவருடைய தொப்பி என்று நினைத்து ஒன்றைக் குழிக்குள் போடுகிறார்கள், பார்த்தால் அது பாதிரியாருடையது. உண்மையான சாவு, உண்மையான பகிடி.

இப்போது நம்முடைய ஆட்கள் செய்வதைப் பாருங்கள். சிரிப்புப் போட்டியில் ஒரு பெடியன் வந்து நன்றாகப் பகிடி விடுவான். அது முடிந்த கையோடு வெளிச்சத்தைக் குறைத்து, வயலினைப் போட்டு, அவன் வீட்டு வறுமையைக் கேட்பார்கள். அம்மாவை மேடைக்குக் கூப்பிடுவார்கள், நடுவர் கண்ணைத் துடைப்பார், கமரா அந்தக் கண்ணுக்குக் கிட்டப் போகும், அப்புறம் விளம்பரம். அவனுடைய வறுமை அவன் சொன்ன பகிடிக்குள் ஒரு வரிகூட வரவில்லை. அதை வைத்தே அவனால் நம்மைச் சிரிக்க வைத்திருக்க முடியும், விடமாட்டார்கள். பழஞ்சோற்றுக்கு மேல் ஐஸ்கிறீம் வைத்த மாதிரி இரண்டும் கெட்டுப்போகிறது. தொடர்களிலும் ஏறக்குறைய இதே கதைதான்: இந்தக் கிழமை அப்பாவுக்கு மாரடைப்பு, எல்லாரும் அழுகிறார்கள், அடுத்த கிழமை அப்பா ஒன்றும் நடக்காத மாதிரி வடை திருடித் தின்கிறார். நடந்ததை அந்தத் தொடரே மறந்துபோகிறதென்றால் அந்த அழுகை வெறும் ஏமாற்று.

இங்கேயும் பெடியள் யூரியூபுக்குப் பகிடிப் படம் எடுக்கிறார்கள். யுத்தத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுகிற தாய்மாரின் கதையையும் அவர்கள் எடுக்கலாம் என்றேன். அந்தத் தாய்மாரைப் பற்றிப் பகிடியா, தொடவே கூடாது என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். தாய்மாரைப் பற்றி இல்லை ஐயா, படிவத்தைப் பற்றி. அரசாங்கம் அமைத்ததில் 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்பப் போய் அதே விபரத்தைச் சொல்லச் சொல்ல, ஒரு அம்மாவுக்கு எந்தக் கூட்டில் என்ன எழுத வேண்டும் என்பது உத்தியோகத்தரைவிட நன்றாகத் தெரிந்துவிடுகிறது என்று வையுங்கள். புதிதாக வந்த உத்தியோகத்தருக்கு அவவே சொல்லிக்கொடுக்கிறா, 'தம்பி, அதை அங்கே எழுதாதேங்கோ, போன முறை அதுக்குத்தான் திருப்பி அனுப்பினவை' என்று. சனம் சிரிக்கும். அவர் மகனின் வயதைக் கேட்கிறார். 'காணாமல் போகேக்கை இருந்த வயதோ, இப்பத்தை வயதோ?' என்று அவ கேட்கிறா, அவ பகிடி விடவில்லை, படிவத்தில் அது தெளிவாக இல்லை.

எடுக்கிறவர்கள் அந்த இடத்தில் வயலின் மட்டும் போடாமல் விட்டால் போதும். அடுத்த பாகத்திலும் அந்த அம்மா அதே வரிசையில் நிற்க வேண்டும். சரி, கேள்வி இருந்தால் கேளுங்கள்.